பதினொன்றே காலுக்கு வரும் எண்

ஜூலை 3, வியாழன்

என் ஆன்லைன் சேமிப்புக் கணக்குக்கு இன்று இரண்டாவது பூட்டு போட்டாயிற்று. போட்டுக் கொடுத்தது மருமகள் மோகனப்பிரியா. இனிமேல் பாஸ்வேர்டு மட்டும் போட்டால் கணக்கு திறக்காதாம். என் செல்லுக்கு ஆறு இலக்கத்தில் ஓடிபி எண் ஒன்று வரும், அதையும் சேர்த்துப் போட்டால்தான் உள்ளே விடுமாம். பேங்க்காரனே கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது என்று மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவை சொன்னால் போதாதா?

எனக்கு இதைப் புரிய வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். செக்கிங்குக்கு ஒரு ஆள் போனால் வேலைக்கு ஆகாது. ஒருத்தர் முன்வாசலில் ஏற வேண்டும், இன்னொருத்தர் பின்வாசலில் ஏற வேண்டும். ஒரு வாசலை மட்டும் பார்த்தால், டிக்கெட் எடுக்காதவன் இன்னொரு வாசலில் இறங்கிப் போய்க்கொண்டே இருப்பான்.

அந்தக் கணக்கில் இருப்பது என் மனைவி தெய்வானையின் முழங்கால்கள். வருகிற 28ஆம் தேதி கோயம்புத்தூரில் இரண்டு காலுக்கும் ஆபரேஷன். அதற்கென்று ஒதுக்கிய பணம் அது ஒன்றுதான். போனால் அவள் ஆயுசுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

சோதித்தும் பார்த்தோம். நான் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மோகனா என் பட்டன் செல்லை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய் நின்று எண்ணைப் படித்தாள். நான் அடித்தேன். திறந்தது.

சாயங்காலம் கடலைப் புண்ணாக்கு வாங்கினேன். மூட்டையில் அரைக் கிலோ குறைவு. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டு வாங்கினேன்.

ஜூலை 5, சனி

காலை 10.20. கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு போட்டேன். எண் வரவில்லை. பத்து நிமிடம் செல்லையே முறைத்துக்கொண்டிருந்தேன். மூடிவிட்டேன்.

11.15. மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். தெய்வானையால் பதினெட்டுப் படி ஏற முடியாததால் ஒரு வருடமாக அது என் வேலை. அவள் சேலையைக் கொடியில் விரித்துக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் செல் கத்தியது. எடுத்துப் பார்த்தால் ஆறு இலக்க எண்.

நான் கேட்கவே இல்லையே. கம்ப்யூட்டரை மூடி முக்கால் மணி நேரம் ஆகிறது. அப்படியானால் வேறு யாரோ என் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும். காலையில் இரண்டு தடவை முயன்றேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. 11.20க்கு மாடியில் நிற்கும்போது வரிசையாக இரண்டு எண்கள் வந்தன. அவன் இன்று இரண்டு தடவை முயன்றிருக்கிறான். எவன் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

காலையில் மூன்று முறை சோதித்தேன். அவனும் மூன்று முறை முயன்றிருக்கிறான். என்னைப் பார்த்துக்கொண்டே செய்கிறானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

பவானியிலிருந்து பஸ் பிடித்து ஈரோடு போய் பேங்கிலேயே கேட்டுவிட்டேன். அங்கிருந்த பெண் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நீங்கள் முயலாமல் எண் வருகிறது என்றால் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள் என்றாள். அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். எண் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பேங்கில் உடனே வருகிறது. வீட்டில் வருவதில்லை. வீட்டில் யாரோ தடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

வீட்டில் இருப்பது மூன்றே பேர். மகன் லோகநாதன் மஸ்கட்டில் இருக்கிறான். தெய்வானைக்கு மிஸ்டு கால் கொடுக்கவே இப்போதுதான் வந்திருக்கிறது.

புது பாஸ்வேர்டு மறந்துபோகக் கூடாது என்பதற்காக இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் வருகிறது! இன்று நான்கு. நானும் நான்கு தடவைதான் பார்த்தேன்.

அப்படியானால் புதுசையும் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அது எழுதியிருக்கும் ஒரே இடம் இந்த டைரி.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நபருக்கு: கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா?

ஜூலை 12, சனி

டைரிக்குள் என் தலைமுடி ஒன்றை வைத்து மூடினேன். இருக்கிற முடியில் ஒன்றைப் பிடுங்குவது எனக்கு லேசான காரியம் இல்லை. மதியம் பார்த்தால் முடியைக் காணோம். மேஜை துடைத்திருந்தது. யார் துடைத்தது என்று தெய்வானையிடம் கேட்டேன். தான்தான் என்றாள். மருமகளைக் காப்பாற்றுகிறாள்.

ஜூலை 14, திங்கள்

பழையதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குச் சோதனை செய்யும்போது மோகனா செல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஏன் போனாள்? என் பக்கத்திலேயே நின்று படித்திருக்கலாமே. ஜமக்காளக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். பத்து மணிக்கு அங்கே போய் உட்காருகிறாள். எண்கள் வருவது பதினொன்றே காலுக்கு. போய் உட்கார்ந்து, டீ குடித்து, சாவகாசமாக முயல்கிறாள்.

எழுதவே கை கூசுகிறது. என் மகன் கட்டிய பெண். இந்த வீட்டில் எனக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் செக்கிங்கில் முகம் பார்க்கக் கூடாது. என் சொந்தச் சித்தப்பாவுக்கே அபராதம் போட்டவன் நான்.

ஜூலை 15, செவ்வாய்

கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்து. அதிக முறை முயன்றதால் கணக்கு இருபத்து நான்கு மணி நேரம் மூடப்பட்டிருக்கிறதாம். எவ்வளவு துணிச்சல் பாருங்கள் அவளுக்கு.

ஆஸ்பத்திரிக்கு முன்பணம் அனுப்பக் கடைசி நாள் இன்று. அனுப்ப முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டோம். கண்ணைத் துளைத்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் எல்லாம் அடைத்து, குச்சியில் செருகி, வாசலில் நெருப்பு மூட்டி மோகனாதான் வாட்டினாள். ஆடி பிறந்த பிறகு ஆஸ்பத்திரி வேண்டாமே என்று தெய்வானை இழுத்தாள். டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளினால் அடுத்து தை மாதம்தான் கிடைக்கும் என்று மோகனா அவளைத் தேற்றினாள். தேற்றிவிட்டு, தேங்காயைத் திருப்பிக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"மாமா, ஆஸ்பத்திரிக்கு முன்பணம் அனுப்பிப் போட்டீங்களா?"

பஸ்ஸில் ஏறியதுமே எவன் "என்ன சார், செக்கிங்கா?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறானோ, அவனிடம் டிக்கெட் இருக்காது. முப்பத்தொரு வருட அனுபவம். அனுப்பிவிடுவேன் என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் சுட்ட தேங்காயை உடைத்து எனக்குத்தான் முதல் துண்டு கொடுத்தாள். வெல்லம் நன்றாக உருகியிருந்தது. தின்றேன், ஆனால் சந்தேகத்தோடுதான் தின்றேன்.

ஜூலை 18, வெள்ளி

கண்டக்டர் மீது சந்தேகம் வந்தால் அவர் பையை வாங்கி எண்ணிப் பார்ப்பது எங்கள் வேலையில் சகஜம். மோகனா குளிக்கப் போயிருந்த நேரம் அவள் கைப்பையைத் திறந்தேன்.

உள்ளே சீப்பு, குடை, ஒரு சாப்பாட்டு டப்பா, தெய்வானையின் எக்ஸ்ரே. எக்ஸ்ரே உறைக்குள் ஒரு ரசீது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் 15ஆம் தேதியே முன்பணம் கட்டியிருக்கிறது. கட்டியவர் பெயர் மோகனப்பிரியா.

என் கணக்கு மூடிக்கிடந்த அதே நாள். என் பணத்தை எடுத்து, தன் பெயரில் கட்டி, மிச்சத்தை என்ன செய்தாளோ. கணக்கைத் திறந்து பார்க்கலாம் என்றால் எண் வந்து தொலைய மாட்டேன் என்கிறது.

ஜூலை 19, சனி

கேட்டுவிட்டேன். மதியம் அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது ரசீதை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, என் கணக்கை எத்தனை நாளாகத் திறந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். என் குரல் பஸ்ஸில் பழகிய குரல். அடுத்த வீட்டில் டிவியை நிறுத்தினார்கள்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது என்ற சம்பளமுங்க மாமா. பணம் வரலீன்னு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குக் கூப்புட்டாங்க. தேதி போயிருமேன்னு கட்டுனேன். நீங்களும் அனுப்பி ரெண்டு தடவையாயிரக் கூடாதுன்னுதான் அன்னைக்குக் கேட்டேன்." ரசீதை எடுத்துப் பார்த்தாள். "என்ற பையத் தொறந்தீங்களா?"

செக்கர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு மணி பஸ்ஸில் அந்தியூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

தெய்வானை என்னுடன் பேசவில்லை. காபியில் சர்க்கரை இல்லை.

ஜூலை 21, திங்கள்

மோகனா ஊரில் இல்லை. ஆனாலும் இன்று ஐந்து எண்கள். அந்தியூரிலும் கம்ப்யூட்டர் இருக்கத்தான் செய்யும்.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை கணக்கைத் திறக்க ஏழு தடவை முயன்றேன். ஒரு எண்ணும் வரவில்லை. 11.10க்குத் துணி வாளியோடு மாடி ஏறினேன். கடைசிப் படியில் கால் வைக்கும்போதே செல் அடித்தது. எண் இல்லை, அழைப்பு.

வணக்கம் ஐயா, பேங்கிலிருந்து பேசுகிறேன், ஆறுச்சாமி ஐயாதானே என்று ஒரு குரல் கேட்டது. நல்ல சுத்தமான தமிழ், அவ்வளவு மரியாதை. உங்கள் கணக்குக்குள் யாரோ நுழையப் பார்க்கிறார்கள் ஐயா என்றது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு வாரமாக நான் சொல்வதை யாரும் நம்பவில்லை. பேங்கில் அந்தப் பெண்கூட என்னை ஒரு மாதிரிதான் பார்த்தாள். இந்த மனிதர் நான் சொல்லாமலே நம்புகிறார். மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினொன்றே கால், வாசல், மருமகள் எல்லாம்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே செல் காதுக்குள் டொக் டொக் என்று அடித்தது. எண்களாக வந்து விழுந்தன. பாருங்கள் சார், இப்போதுகூட வந்துகொண்டே இருக்கிறது என்றேன். ஆமாம் ஐயா, இங்கேயும் தெரிகிறது, உடனே தடுத்துவிடலாம், பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இப்போது ஒரு எண் வரும் ஐயா, கடைசியாக வந்ததை மட்டும் படியுங்கள் என்றார்.

வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தேன். நாலு. ஒன்பது. ஒன்று.

என் கைக்கு மேல் இன்னொரு கை விழுந்தது. தெய்வானையின் கை. ஒரு வருடமாக ஒரு படிகூட ஏறாதவள், பதினெட்டுப் படியையும் ஏறி வந்து நிற்கிறாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்துப் போயிருந்தது. நான் பாஸ்வேர்டைக் கத்தியது கீழே அடுப்படி வரை கேட்டதாம். செல்லைப் பிடுங்கி, சிவப்புப் பட்டனை அழுத்தினாள். அப்படியே துணி வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாளைக்கு அப்புறம் பேசினாள்.

"ஏனுங்க, வீட்டுப் புள்ளையோட பையச் சோதிச்சீங்க. மொகந்தெரியாத ஒருத்தன் கேட்டா, உள்ள இருக்கறதையெல்லாம் எடுத்து நீட்டறீங்க."

மோகனாவுக்குப் போடுங்க என்று செல்லைத் திருப்பிக் கொடுத்தாள். போட்டேன். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன், எண்ணில் பாதியையும் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. கார்டின் பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும் மாமா, அதற்கு உடனே கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே ஈரோடு போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இரண்டையும் செய்தேன். பேங்கில் கணக்கைத் திறந்து காட்டினார்கள். பணம் அப்படியே இருந்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் செல்லை எடுத்து இன்று வந்த எண்களை எண்ணினேன். எட்டு. கடைசி ஒன்று அந்தத் திருட்டுப் பயலுக்காக வந்தது. மிச்சம் ஏழு. காலையில் நான் முயன்றதும் ஏழு.

டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஐந்தாம் தேதி நான் ஒன்று, வந்தது ஒன்று. ஆறாம் தேதி இரண்டு, இரண்டு. ஏழாம் தேதி மூன்று, மூன்று. பதினோராம் தேதி நான்கு, நான்கு. கண்டக்டரின் டிக்கெட் கட்டையும் அவர் கணக்குத் தாளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பதைப் போலப் பார்த்தேன். ஒரு டிக்கெட்கூட வித்தியாசம் இல்லை.

செல்லைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கையில் பிடித்துக்கொண்டு படி ஏறினேன். பன்னிரண்டாம் படியில் ஒரு கோடு வந்தது. மாடியில் நான்கு கோடு. வாசலுக்கு வந்தேன். அங்கே மூன்று. அதனால்தான் அன்றைக்கு மோகனா வாசலுக்குப் போயிருக்கிறாள்.

காலையில் நான் கேட்ட எண்கள்தான் மாடி ஏறிய பிறகு வந்து சேர்ந்திருக்கின்றன. என் கணக்கைத் திறக்கப் பார்த்த ஆள் நான் ஒருத்தன்தான்.

ஜூலை 23, புதன்

ஓய்வு பெற்றவனுக்குக் கொடுத்த இலவசப் பாஸைக் காட்டி அந்தியூர் போனேன். வழியில் செக்கிங் ஏறினார்கள். முன்வாசலில் ஒருத்தர், பின்வாசலில் ஒருத்தர். என் பாஸை வாங்கிப் பார்த்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோபம் வந்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.

மோகனாவின் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாங்க என்று சொன்னார், உட்காருங்க என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டேதான் பேசினேன். செல், சிக்னல், படிக்கட்டு எல்லாம் சொன்னேன். மோகனா கேட்டுக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் வேலையில் கண்டக்டரைச் சந்தேகப்பட்டுச் சோதித்து, எல்லாம் சரியாக இருந்தால், அவருடைய கணக்குத் தாளில் "சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனையோ தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு கிறுக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தரிடம்கூட மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"உன்ற பையத் தொட்டது தப்பு கண்ணு," என்றேன். "கணக்குல வந்த சந்தேகத்த விட்டுத் தள்ளு. அது என்ற முட்டாத்தனம். பையத் தொட்டது தப்பு. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தைக்காக வர்றேனுங்க மாமா," என்றாள்.

அவ்வளவுதான். போதும். அதுவே எனக்கு அதிகம்.

ஜூலை 25, வெள்ளி

ஈரோட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போய் வந்தோம். கணக்கை என் பெயரிலும் தெய்வானை பெயரிலும் சேர்த்தாயிற்று. எண் இனிமேல் அவள் செல்லுக்குத்தான் வரும். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எண் அவளிடம் வரும், என்னிடம் வராது. ஒருத்தர் செல்லிலேயே இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் வசதி என்று பேங்கில் சொன்னார்கள். வசதி வேண்டாம் என்றேன்.

டைரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஜூலை 28, திங்கள்

கோயம்புத்தூர். ஆபரேஷனுக்கு முன்னால் மீதியைக் கட்டச் சொன்னார்கள். தெய்வானைக்குப் பச்சை உடுப்பு மாட்டித் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். மோகனாவின் செல்லில் பாஸ்வேர்டை நான் போட்டேன். தெய்வானையின் தலைமாட்டில் இருந்த செல் கத்தியது. அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"யாருக்குங்க கட்டறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?"

"உன்ற காலுக்குத்தான், தெய்வான."

நர்ஸ் சிரித்துவிட்டாள். தெய்வானை சிரிக்கவில்லை. மோகனாவிடம் செல்லைக் காட்டச் சொல்லி, திரையில் ஆஸ்பத்திரிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகுதான் எண்ணைச் சொன்னாள். அதுவும் என்னிடம் இல்லை. மோகனாவைக் குனியச் சொல்லி அவள் காதில் சொன்னாள். சரியான செக்கர்தான்.

பத்தரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டை நீட்டி மருந்து வாங்கி வரச் சொன்னார்கள். நான் எழுந்தேன். மோகனா சீட்டை வாங்கிக்கொண்டாள். தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"பையப் பாத்துக்கங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜிப் பாதி திறந்திருந்தது. இழுத்து மூடினேன். மருந்து வாங்கி வந்த பிறகும் அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒன்றரை மணிக்கு டாக்டர் வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நாளைக்கே எழுந்து நிற்க வைத்துவிடலாம் என்று சொல்லும் வரை அந்தப் பை என் மடியிலேயே இருந்தது.